பதினேழிலிருந்து பதினாறுக்கு: ஒரு காரின் குளிர்கால டயரும் சக்கர அளவும் (நிகழ்வு ஆய்வு)

முதல் பனி விழுந்த இரவு. பணி முடிந்து விடியற்காலையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள் என் தங்கை. வெளியே மைனஸ் 6 டிகிரி செல்சியஸ். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வேகம் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் இருந்திருக்காது. பிரேக்கை மிதித்தாள், கார் நிற்கவில்லை. நேராக வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் சற்றே திரும்பி, முன்சக்கரம் ஒன்று நடைமேடை விளிம்பில் இடித்து நின்றது. அந்த நேரத்தில் சந்தியில் வேறு வண்டியோ ஆளோ இல்லை. யாருக்கும் அடி இல்லை.

"அண்ணா, பிரேக் மிதிச்சதும் காலுக்கடியில கடகடன்னு அடிச்சுது. ஆனா கார் போய்க்கிட்டே இருந்துச்சு. பிரேக்குல ஏதோ கோளாறு, பாருங்க" என்றாள் போனில்.

போய்ப் பார்த்தேன். பிரேக் எண்ணெய், பிரேக் கட்டை, டிஸ்க் எல்லாம் சரியாக இருந்தன. அவள் காலுக்கடியில் உணர்ந்தது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்த அதிர்வு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. பிடிப்பதற்குத் தரையில் பற்று இல்லை. முன்சக்கர ரிம்மின் விளிம்பு நசுங்கியிருந்தது. டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்ட டயர் அது; அதை மீண்டும் ஓட்டக்கூடாது.

டயர்களில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகள், நன்றாகவே இருந்தது. ஆழமானி வைத்துப் பார்த்தேன், நான்கிலும் 5 மி.மீ.க்கு மேல். "பட்டன் நிறைய இருக்கேன்னுதான் மாத்தலை" என்று அவள் சொன்னது பொய்யில்லை. மொட்டை டயர் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டன் இருக்கும் டயரும் இப்படி வழுக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த உறுத்தல்தான் இதை முழுதாக எழுத வைத்தது.

காரும் அதன் டயரும்

நடுத்தர அளவு ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை, அந்த மாடலில் கிடைத்த எஞ்சின்களில் பெரியது. வாங்கும்போதே 17 அங்குல அலாய் வீல். டயர் அளவு 225/45 ஆர்17, சுமைக் குறியீடு 91, வேகக் குறியீடு டபிள்யூ. நான்கும் கோடைக்கால டயர்கள்.

கோடை டயரின் ரப்பர் கலவை சூடான தார்ச்சாலைக்காகச் செய்யப்பட்டது. குளிரக் குளிர அது விறைக்கும். பொதுவாக 7 டிகிரிக்குக் கீழே போனால் மாற்றுங்கள் என்பார்கள். அந்த எண் ஒரு கோடு போட்ட எல்லை இல்லை. அந்தப் பக்கம் போகப் போக ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு ஒட்டி வளையும் தன்மையை இழக்கிறது. மைனஸ் 6-ல் அந்த டயரின் பட்டனை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பிளாஸ்டிக் போல இருந்தது. விண்டர் டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்த்து, கடுங்குளிரிலும் நெகிழ்வு போகாதபடி கலவை செய்கிறார்கள். அதோடு ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போன்ற நெளிநெளியான மெல்லிய வெட்டுகள் இருக்கும். சக்கரம் உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து, ஒவ்வொரு விளிம்பும் பனியைச் சுரண்டிப் பிடிக்கும்.

பனியில் இன்னொன்றும் நடக்கிறது. டயரின் பள்ளங்களுக்குள் பனி அடைத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பனியோடு பனிதான் நன்றாக ஒட்டும். பனி உருண்டை பிடித்தவர்களுக்கு அது கையிலேயே தெரியும். பள்ளத்தில் இறுகிய பனி கீழே கிடக்கும் பனியைக் கவ்விக்கொள்கிறது. கோடை டயரின் நீளவாட்டுப் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றத்தான்; பனியைப் பிடித்துவைக்க அவற்றுக்குத் தெரியாது.

அந்தச் சந்தியில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உராய்வுக் கெழுவுக்கு எதிர்விகிதத்தில் மாறும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் உலர்ந்த தாரில், கெழு 0.8 என்று கொண்டால், பிரேக் பிடித்தபின் நான்கரை மீட்டர் போதும். கெட்டிப்பட்ட பனியில் 0.2 என்றால் 18 மீட்டருக்குப் பக்கம். பனிக்கட்டியில் 0.1 என்றால் 35 மீட்டர். அவள் மிதித்த இடத்திலிருந்து நிறுத்தக்கோடு ஏறத்தாழ 15 மீட்டர். அந்த டயரோடு அங்கே யார் ஓட்டியிருந்தாலும் நின்றிருக்காது. இதை அவளுக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான், தன் ஓட்டுதலில்தான் பிழை என்ற எண்ணத்தை அவள் விட்டாள்.

17-லேயே வாங்கிவிடலாமா?

எளிய வழி அதுதான். அதே 225/45 ஆர்17 அளவில் விண்டர் டயர் கிடைக்கும். இருக்கிற ரிம்மில் மாட்டிவிடலாம். அப்படிச் செய்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். சரியான ரப்பர் 17 அங்குலத்தில் இருந்தாலும் சரியான ரப்பர்தான். தவறான ரப்பரை எந்த அளவும் காப்பாற்றாது. அளவைப் பற்றிய பேச்சு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் எப்படியும் ஒரு ரிம் கெட்டுவிட்டது. தவிர, ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டினால் டயரின் உள்விளிம்புக்கும் நல்லதல்ல. குளிர்காலத்துக்கென்று ரிம்மும் டயரும் சேர்ந்த தனி செட் ஒன்று இருந்தால் போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலையோடு முடியும். அப்படித் தனி ரிம் வாங்குவதென்றால் அதை ஏன் 17-ஆகவே வாங்க வேண்டும்?

சிறிய ரிம் என்றால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும். பனிக்காலச் சாலையில் உறைந்து விரிந்த நீர் தாரைப் பெயர்த்துக் குழி பறிக்கும். அந்தக் குழியைப் பனி மூடி மறைக்கும். குட்டையான பக்கச்சுவர் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, தங்கையின் டயரைப் போலவே புடைக்கும். அடுத்தது அகலம். குறுகலான டயர் பனியில் ஏன் நல்லது என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். பனிச்சங்கிலி (பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றிக் கட்டும் சங்கிலி) மாட்ட இடம் கிடைப்பதும் சிறிய ரிம்மில்தான்.

எண்கள்

225/45 ஆர்17 என்பதை இப்படிப் படிக்க வேண்டும். டயரின் அகலம் 225 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், அதாவது 101 மி.மீ.க்குச் சற்று மேல். ஆர் என்பது ரேடியல். ரிம்மின் விட்டம் 17 அங்குலம், 431.8 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவர் சேர்த்தால் முழு விட்டம் 634.3 மி.மீ.

ரிம்மைச் சிறிதாக்கினாலும் இந்த முழு விட்டம் மாறக்கூடாது. வேகமானி, ஏபிஎஸ், நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்தே கணக்குப் போடுகின்றன. 205/55 ஆர்16-ஐப் பார்த்தால் பக்கச்சுவர் 112.75 மி.மீ., முழு விட்டம் 631.9 மி.மீ. வேறுபாடு நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. 195/65 ஆர்15 இன்னும் நெருக்கம்: 634.5 மி.மீ. இதே 16-ல் 205/60 எடுத்தால் 652.4 மி.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடுதல். அப்போது வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும் பக்கம் நகர்கிறது. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிமுறைப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. சற்றுக் கூட்டிக் காட்டலாம். ஆகையால் விட்டத்தில் வேறுபாடு வந்தே தீரும் என்றால், சிறிய பக்கமாக வருவது நல்லது.

நான் செய்த தவறு

கணக்கில் 195/65 ஆர்15 அழகாகப் பொருந்தியது. அதே மாடல் கார், சிறிய எஞ்சினோடு வரும்போது, ஆலையிலிருந்தே 15 அங்குல ஸ்டீல் ரிம்மில்தான் வருகிறது. ஒருவர் பயன்படுத்திய நான்கு ஸ்டீல் ரிம்கள் கிடைத்தன. போல்ட் வட்டம் 5 துளை, 112 மி.மீ., சரி. நடு ஓட்டை 57.1 மி.மீ., சரி. வாங்கிவிட்டேன்.

பின்சக்கரங்கள் மாட்டிக்கொண்டன. முன்சக்கரத்தை மாட்டிப் போல்ட்டைக் கையால் திருகியதும் ரிம் ஹப்பில் (சக்கரத்தைப் போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதி) முழுதாகப் படியவில்லை என்று தெரிந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ரிம்மின் உட்சுவர், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் கேலிப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரிய எஞ்சினுக்குப் பெரிய பிரேக்: முன் டிஸ்க்கின் விட்டம் 312 மி.மீ. சிறிய எஞ்சின் காரில் 288. 15 அங்குலம் என்பது 381 மி.மீ.; அது டயர் உட்காரும் இடத்தின் அளவு. அதற்கு உள்ளே ரிம்மின் பள்ளமான பகுதி இன்னும் குறுகும். டிஸ்க்கைத் தாண்டி கேலிப்பர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இடமே இல்லை.

ஓட்டுநர் கையேட்டில் எல்லாம் இருந்தது. எந்த எஞ்சினுக்கு எந்த அளவு, எந்த ரிம் அகலம், எந்த ஆஃப்செட், எதில் சங்கிலி போடலாம் என்று ஒரு பக்க அட்டவணை. கதவுத் தூணில் ஒட்டிய தாளிலும் அனுமதித்த அளவுகள் இருந்தன. அவள் காருக்குக் குறைந்தபட்சம் 16 என்று தெளிவாகவே போட்டிருந்தது. நான் மாடலைப் பார்த்தேன், எஞ்சினைப் பார்க்கவில்லை. டயர் அளவைத் தேடுபவர்கள் வெளியிலிருந்து உள்ளே போகிறார்கள். எனக்குப் பிடிபட்டது, உள்ளிருந்து வெளியே வர வேண்டும் என்பது. பிரேக்குக்கு எது இடம் கொடுக்கும் என்பதில் தொடங்கி, ஹப்பில் எது உட்காரும் என்று பார்த்து, அதன் பிறகே டயருக்கு வர வேண்டும். அந்த வரிசையில் போனால், அனுமதித்த அளவுகளில் மிகச் சிறிய ரிம் எதுவோ அதுவே குளிர்காலத்துக்கு என் தேர்வு.

16 அங்குலம், 6.5 ஜே

கையேடு சொன்னது 6.5 ஜே அகலம், ஆஃப்செட் 46. ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து, 6.5 அங்குல அகலம், 165 மி.மீ. 205 டயருக்கு இது கச்சிதம். ஆஃப்செட் என்பது ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் படியும் தளத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். எண் கூடினால் சக்கரம் காரின் உட்பக்கம் போகும். குறைந்தால் வெளியே வரும்.

பழைய ரிம் 7.5 ஜே, ஆஃப்செட் 51. ரிம்மின் உள்விளிம்பு ஹப் தளத்திலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்க, அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் போதும். பழையதில் 95 கூட்டல் 51, ஏறத்தாழ 146 மி.மீ. புதியதில் 82.5 கூட்டல் 46, 128.5 மி.மீ. உட்பக்கம் பதினேழரை மி.மீ.க்கு மேல் இடம் கிடைத்துவிட்டது. வெளிப்பக்கத்துக்குப் பாதி அகலத்திலிருந்து ஆஃப்செட்டைக் கழிக்க வேண்டும்: முன்பு 44, இப்போது 36.5. வெளியிலும் மட்கார்டுக்கு உள்ளே சற்று ஒதுங்கிவிட்டது. உள்ளே கிடைத்த அந்த இடம்தான் பனிச்சங்கிலியின் கண்ணிகள் அதிர்வுத்தாங்கியில் உரசாமல் சுற்றுவதற்கு வேண்டியது. பழைய 17-ல் சங்கிலி போடக்கூடாது என்று கையேட்டில் ஏன் இருந்தது என்பதும் இந்தக் கூட்டலில் புரிந்துவிடுகிறது.

இம்முறை வாங்கியது வேறு நிறுவனம் செய்த புதிய அலாய் ரிம். அதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியிருந்தன. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக, 66.6 மி.மீ. வைத்திருந்தார்கள். 57.1-க்குக் குறைக்கும் வளையத்தை உள்ளே பொருத்தினால்தான் சக்கரம் ஹப்பின் நடுவில் சரியாக உட்காரும். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். மற்றது போல்ட். காரோடு வந்த போல்ட்டின் தலைக்கடி உருண்டை வடிவம். புதிய ரிம்மின் துளை கூம்பு வடிவம். பழைய போல்ட்டைப் போட்டால் இறுகியது போலத்தான் இருக்கும். உண்மையில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். கூம்பு போல்ட் தனியாக வாங்கினோம். சக்கரம் கழன்று ஓடுவதைவிடப் பயங்கரமான டயர் கோளாறு எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

குறுகலான டயர் பனியில் என்ன செய்கிறது

"அகலமா இருந்தா தரையில நிறையப் படியும், பிடிப்பு கூடும் இல்லையா அண்ணா?" என்று கேட்டாள். எல்லோருக்கும் வருகிற கேள்வி.

ஒரு முன்சக்கரத்தின் மேல் 400 கிலோ சுமை, உள்ளே 2.3 பார் காற்று என்று வைத்துக்கொள்வோம். சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையில் படியும் பரப்பு ஏறத்தாழ 170 சதுர செ.மீ. பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் தாங்குவதால் இது துல்லியமான கணக்கில்லை. போக்கைக் காட்டப் போதும். இந்தக் கணக்கில் டயரின் அகலம் வரவே இல்லை. அகல டயரானாலும் குறுகல் டயரானாலும் அதே சுமை, அதே காற்று என்றால் பரப்பு கிட்டத்தட்ட அதேதான். மாறுவது வடிவம். அகல டயரின் தடம் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். குறுகல் டயரின் தடம் போகும் திசையில் நீளும்.

உதிரிப்பனியும் சகதிப்பனியும் கிடக்கும் சாலையில் டயரின் முன்விளிம்பு வழியைத் துப்புரவாக்க வேண்டும், அதன் பின்னால் வரும் பகுதிதான் தரையைப் பிடிக்க முடியும். போகும் திசையில் நீண்ட தடம் என்றால், முன்பகுதி ஒதுக்கியபின் பிடிப்பதற்குப் பின்பகுதி கூடுதலாக மிஞ்சும். ஒதுக்க வேண்டிய பனியின் அளவும் குறைவு. 225-க்குப் பதில் 205 என்றால் கலப்பையின் அகலத்தில் 9 சதவீதம் குறைந்ததற்குச் சமம். சகதிப்பனியின் மேல் டயர் மிதந்து போகும் ஆபத்தும் தள்ளிப்போகிறது. ஸ்வீடனின் பனி ரேலியில் ஓடும் கார்களைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: தார்ச்சாலைப் போட்டிகளில் 18 அங்குலச் சக்கரமும் அகல டயரும் போடும் அதே கார்கள், அங்கே 15 அங்குலத்தில் ஒல்லியான ஆணி டயரோடு நிற்கும். அங்கே பெரும்பங்கு வேலை ஆணியுடையது என்றாலும், பனியைக் கிழித்து இறங்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஒல்லி வடிவம்.

இதை அளவுக்கு மீறிச் சொல்லக்கூடாது. வழவழப்பான பனிக்கட்டியில் அகலம் பெரிதாக எதையும் மாற்றாது. ரப்பர் கலவையும் மெல்லிய வெட்டுகளும்தான் பேசும். பனிக்கட்டி மிக வழுக்குவது கடுங்குளிரில் இல்லை, பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான். மேலே நீர்ப்படலம் படிந்திருக்கும். உலர்ந்த சாலையில், வளைவில், அகல டயர்தான் உறுதியாக நிற்கும். உயரமான பக்கச்சுவர் வளைவில் சற்று மெத்தென்று சாயும். என் தங்கைக்கு அது முதல் வாரம் விநோதமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. குறுகலாக்குவதற்கும் எல்லை உண்டு: கையேட்டில் இல்லாத அளவுக்குப் போகக்கூடாது, சுமை தாங்காது.

எந்த வகை

டயரின் பக்கத்தில் எம்+எஸ் என்று இருந்தால் போதும் என்று பலகாலம் நம்பினார்கள். அது சேறும் பனியும் என்பதன் சுருக்கம். பட்டன் வடிவத்தைப் பார்த்து உற்பத்தியாளர் போட்டுக்கொள்வது. பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் அதற்குத் தேவையில்லை. மூன்று சிகரம் கொண்ட மலையும் நடுவே பனித்துகளும் உள்ள சின்னம்தான் தேட வேண்டியது. 1999-இல் வட அமெரிக்காவில் வந்த அந்தச் சின்னத்தைப் பெற, ஒப்பீட்டு டயர் ஒன்றைவிட நிர்ணயித்த அளவு கூடுதலாகப் பனியில் பிடிப்பைக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஆனால் மலைச்சின்னம் பனிக்கான சோதனை, பனிக்கட்டிக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதத்திலிருந்து வரும் டயர் அட்டையில் பனிக்கட்டிப் பிடிப்புக்குத் தனிச் சின்னம் உண்டு.

விண்டர் டயரிலேயே இரண்டு குணம். ஈரமும் உப்பும் கலந்த, பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் ஊசலாடும் சாலைகளுக்கு ஒன்று. அது நெடுஞ்சாலை வேகத்தில் நிலையாக இருக்கும், ஹெச் அல்லது வி வேகக் குறியீட்டில் வரும். வாரக்கணக்கில் உறைந்தே கிடக்கும் சாலைகளுக்கு நார்டிக் வகை. ரப்பர் இன்னும் மென்மை, பெரும்பாலும் டி அல்லது அதற்குக் குறைவான குறியீடு. பின்லாந்தில் இந்த மரபு பழையது. இன்று நோக்கியன் டயர்ஸ் என்று அறியப்படும் நிறுவனம் 1934-இல் லாரிகளுக்குக் குளிர்கால டயர் செய்தது. 1936-இல் கார்களுக்கான ஹக்கபெலித்தா வந்தது.

என் தங்கை ஓட்டுவது இரவிலும் விடியலிலும், உப்புத் தூவும் வண்டி வருவதற்கு முன்னால். வழியில் பாதி கெட்டிப்பட்ட பனி. நார்டிக் வகையில் ஆணியில்லாததை எடுத்தோம்: 205/55 ஆர்16, 94 டி, எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை). ஈரத் தாரில் இந்த வகை நிற்க அதிக தூரம் எடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே எடுத்தோம். பகலில், நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவருக்கு நான் முதல் வகையைத்தான் சொல்லியிருப்பேன்.

சுமைக் குறியீடு 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670. காருக்கு வேண்டியது 91. ஆனால் எக்ஸ்எல் டயர் அந்த முழுச் சுமையைத் தாங்குவது கூடுதல் காற்றில். அதே காற்றழுத்தத்தில் சாதாரண 91-ஐவிடச் சற்றுக் குறைவாகவே தாங்கும். அதனால் 0.1 பார் கூட்டி வைத்தோம். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. காரின் உச்ச வேகம் அதைவிட அதிகம் என்பதால், பல நாடுகளில் கேட்பதுபோல ஓட்டுநர் கண்ணில் படும்படி அந்த எண்ணை எழுதி ஒட்டினோம்.

இரண்டு போதாது

டயர்க் கடையில் ஒருவர், "முன்சக்கரம்தானே இழுக்குது, முன்னாடி ரெண்டு மட்டும் போடுங்க, போதும்" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் முன்னால் பிடிப்பு, பின்னால் வழுக்கல் என்றால் வளைவில் பிரேக் பிடித்த கணத்தில் பின்பகுதி முன்னால் வரப் பார்க்கும். அதைத் திருத்தி ஓட்டுவது பயிற்சி பெற்றவர்களுக்கே சிரமம். நான்கு சக்கர இழுவை உள்ளவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அது புறப்பட உதவும், நிற்க உதவாது. நிறுத்துவது டயர் மட்டும்தான். நான்கும் ஒரே வகை, ஒரே அளவு. பட்டன் ஆழத்தில் பெரிய வேறுபாடு இருந்தால் ஆழமானது பின்னால்.

மாட்டிய பிறகு

சக்கரத்தில் சுழற்சித் திசைக்கான அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டுகளைக் கையேடு சொன்ன முறுக்கில் நட்சத்திர வரிசையில் இறுக்கி, 80 கி.மீ. ஓடிய பிறகு மீண்டும் சரிபார்த்தோம். இரண்டு போல்ட் துளி நகர்ந்தன. காற்றழுத்த உணரிகளையும் புதிய ரிம்மில் பொருத்தியிருந்தோம்.

முதல் கடுங்குளிரில் அந்த உணரி எச்சரித்தது. பஞ்சர் என்று பயந்து கூப்பிட்டாள். பஞ்சர் இல்லை. 20 டிகிரியில், வெதுவெதுப்பான பட்டறைக்குள் 2.3 பார் அடைத்த டயர், மைனஸ் 10-ல் ஏறத்தாழ 1.96 பாருக்கு இறங்கிவிடும். நாங்கள் 2.4 அடைத்ததும் அப்படியொரு பட்டறையில்தான். காற்று எங்கும் போகவில்லை, சுருங்கிவிட்டது. வெளியே நிற்கும் குளிரிலேயே, ஓட்டுவதற்கு முன், அளந்து அடைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அவளே இப்போது செய்கிறாள்.

பனிச்சங்கிலியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டு வாசலில், கையுறையோடும் கையுறை இல்லாமலும் மாட்டிப் பழகினோம். முதல் முறை 25 நிமிடம். மூன்றாவது முறை 9. சக்கரத்தை மெதுவாக முழுச்சுற்று உருட்டி, உட்பக்கம் எங்காவது உரசுகிறதா என்று கேட்டோம். உரசவில்லை.

ஒரு காலி மைதானத்தில் பனி படிந்த நாளில் அவளையே ஓட்டச் சொன்னேன். மணிக்கு 30 கி.மீ.; நான் கை காட்டியதும் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். ஏபிஎஸ் அடித்தது, கார் இழுத்துப் பிடித்து நின்றது. திரும்பத் திரும்பச் செய்தாள். எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல அவளுக்கு வரும்வரை செய்தாள். உலர்ந்த தாரில் நிற்பதைவிட இன்னமும் மடங்குக் கணக்கில் அதிக தூரம்தான். அதை அவள் உடம்பு தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

குளிர்காலம் முடிந்து கழற்றியபோது ஆழம் அளந்தேன். புதிதில் 8.5 மி.மீ. இருந்தது, முன்னால் 7.4, பின்னால் 7.9. சட்டம் ஸ்வீடனில் 3 மி.மீ., ஆஸ்திரியாவில் 4 மி.மீ. கேட்கிறது, பனியில் 4-க்குக் கீழே போன விண்டர் டயரை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒவ்வொன்றிலும் எந்தச் சக்கரம் என்று சாக்கட்டியால் எழுதி, வேறுபாடு அரை மி.மீ.தான் என்பதால், தேய்மானம் சமமாக அடுத்த பருவத்தில் பின்னது முன்னால் வர வேண்டும் என்றும் குறித்து, இருட்டான இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம்.

கோடை டயருக்கு நசுங்கிய ரிம்முக்குப் பதில் ஒன்று தேடி வாங்கினோம். புடைத்த டயரோடு அதன் ஜோடியையும் மாற்றினோம். என் தவறான 15 அங்குல ஸ்டீல் ரிம்கள் ஐந்து மாதம் சும்மா கிடந்தன. சென்ற வாரம் ஒரு தம்பி கேட்டு வந்தார், அதே மாடல் கார்தான் என்றார். காரைக் கொண்டுவரச் சொன்னேன். முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி டிஸ்க்கை அளந்தோம். 288 மி.மீ. ரிம்மை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தோம், கேலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. அதற்குப் பிறகே காசு வாங்கினேன்.